ராத்திரியில் மட்டும் தோற்கும் டெஸ்ட்

சனிக்கிழமை சாயங்காலம் மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு மாடியில் நாலைந்து பேர் கூடுவோம். பெரும்பாலும் எபேன் சைபர்சிட்டியில் வேலை பார்ப்பவர்கள். ஒருவர் மட்டும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்துவிட்டு நிரல் பக்கம் வந்தவர். நடுவில் ஒரு தட்டு காத்தோ பிமாங் (நம் பருப்பு வடை கப்பலேறி வந்து பெயரை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்), சுற்றிலும் மடிக்கணினிகள். போஸ்ட்கிரெஸ் என்ற திறமூலத் தரவுத்தளத்துக்கு நாங்களே எழுதிவரும் ஒரு சின்ன நீட்சியில்தான் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எல்லோருக்கும் கைப்பழக்கம். போன வருடம் ஒரு நாள், கத்ர் போர்னிலிருந்து வரும் தம்பி, "அண்ணா, இந்த டெஸ்ட் பகலில் பாஸ் ஆகிறது, ராத்திரியில் ஃபெயில் ஆகிறது. சத்தியமாகச் சொல்கிறேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம். "தூங்காமல் வேலை பார்த்தால் அப்படித்தான்" என்று நானும் சொல்லிவைத்தேன். அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. எப்படி என்று பிறகு வருகிறேன்.

டெஸ்ட் என்பது நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்க்கும் இன்னொரு நிரல். நிரலில் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒரு முறை தேறி மறு முறை தோற்கும் டெஸ்ட்டைத்தான் ஃபிளேக்கி டெஸ்ட் என்கிறார்கள். திறமூலத் திட்டத்துக்குள் நுழைய நினைக்கும் புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம். புதிய வசதி எழுத வேண்டுமென்றால் பல வருடப் பின்கதை தெரிந்திருக்க வேண்டும். ஃபிளேக்கி டெஸ்ட்டுக்குப் பொறுமையும் ஒரு பழைய மடிக்கணினியும் போதும். மடிக்கணினி மெதுவானதாக இருந்தால் இன்னும் நல்லது, காரணம் கீழே வரும்.

"ஒரு டெஸ்ட் எப்போதாவது விழுந்தால் என்ன போயிற்று?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆயிரத்தில் ஒரு முறை மட்டும் விழும் டெஸ்ட்டுகள் 200 இருக்கின்றன என்று வையுங்கள். மொத்தத் தொகுதியையும் ஒரு முறை ஓட்டினால் ஏதாவது ஒன்று விழ 18 சதவீத வாய்ப்பு. ஐந்தாறு ஓட்டத்துக்கு ஒரு சிவப்பு! அப்புறம் சிவப்பைப் பார்த்தாலே "மறுபடி ஓட்டு" என்று கை தானாகப் போய்விடும். கூகுள் நிறுவனமே 2016இல், தன் டெஸ்ட்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்த வியாதி ஏதோ ஒரு அளவில் இருப்பதாகச் சொன்னது.

ஓட்டிப் பாருங்கள்

போஸ்ட்கிரெஸின் மூல நிரலை கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வழியாக இறக்கிக்கொள்ளுங்கள். கட்டும்போது (மூல நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும்போது) இரண்டு விருப்பங்களை மறக்காமல் போடுங்கள்: ஒன்று, உள் சரிபார்ப்புகளை இயக்கும் கேஸர்ட்; மற்றது, பெர்ல் மொழியில் எழுதிய டேப் வகை டெஸ்ட்டுகளை ஓட்டுவதற்கானது. இரண்டாவதற்கு பெர்லின் ஐபிசி-ரன் தொகுப்பும் வேண்டும். பிறகு 'மேக் செக்' என்று கொடுத்தால் தற்காலிகமாக ஒரு சர்வரை எழுப்பி, எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் பேசும் மொழி) கோப்புகளை ஓட்டி, வந்த வெளியீட்டை முன்பே எழுதிவைத்த வெளியீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள், பாதிக் குழப்பத்துக்கு வேர் இவைதான். ஒன்று, டெஸ்ட்டுகள் தனித்தனியாக ஓடுவதில்லை. குழு குழுவாக ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒரு குழுவில் 20க்கு மேல் வைப்பதில்லை என்பது அங்கே வழக்கம். இரண்டு, அத்தனையும் ஒரே தரவுத்தளத்தில் ஓடுகின்றன. அதாவது நீங்கள் ஒரு டேபிளை உருவாக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து டெஸ்ட்டும் அதே பெயரில் உருவாக்கப் பார்க்கலாம். கூட்டுக் குடும்பத்துச் சமையலறை மாதிரி: பாத்திரத்துக்குப் பெயர் எழுதி வைக்காவிட்டால் சண்டைதான்.

டிஃப்பைப் படியுங்கள், யூகிக்காதீர்கள்

டெஸ்ட் விழுந்ததும் நிரலைத் திறப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. திறக்க வேண்டியது ரெக்ரெஷன் டிஃப்ஸ் என்ற கோப்பு. கழித்தல் குறி போட்ட வரிகள் எதிர்பார்த்தவை, கூட்டல் குறி போட்டவை நிஜத்தில் வந்தவை. அதே வரிகள் இடம் மாறி மட்டும் வந்திருக்கின்றனவா? வரிசைப் பிரச்சினை. எக்ஸ்பிளெய்ன் கட்டளை காட்டும் திட்டம் (குவெரிக்கு, அதாவது கேட்ட கேள்விக்கு, சர்வர் எந்த வழியில் விடை தேடும் என்பது) மாறியிருக்கிறதா? புள்ளிவிவரப் பிரச்சினை. தேதியோ நேரமோ தவறா? கடிகாரம். சர்வர் இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று வந்திருந்தால், அது ஃபிளேக்கி இல்லை, சர்வரே செத்துப்போயிருக்கிறது. உடனே சர்வரின் பதிவேட்டைப் பாருங்கள். டெஸ்ட் கோப்பைத் தொடவே வேண்டாம்.

விழுந்த ஓட்டத்தின் கோப்புகளை வேறு அடைவுக்கு நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஓட்டம் அவற்றின் மேலேயே எழுதிவிடும். நான் இதை இரண்டு தடவை தொலைத்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எண்ணுங்கள்

எத்தனை ஓட்டத்துக்கு ஒரு முறை விழுகிறது? இந்த எண் கையில் இல்லாமல் திருத்தத்தில் இறங்காதீர்கள். நூறு ஓட்டத்துக்கு ஒரு சின்ன ஷெல் நிரல் எழுதி, விழுந்ததை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எண் ஏன் வேண்டும் என்றால், சரிசெய்த பிறகு சரியாயிற்று என்று எப்படிச் சொல்வீர்கள்? நூற்றுக்கு ஒன்று விழும் டெஸ்ட்டை பத்து முறை ஓட்டிப் பச்சையைப் பார்த்துவிட்டு "முடிந்தது" என்பவர்கள் ஏராளம். ஒன்றுமே திருத்தாமல் விட்டாலும் அந்தப் பத்தும் பச்சையாக வர 90 சதவீத வாய்ப்பு உண்டு. கைக்கணக்கு ஒன்று: மூன்றை விழும் விகிதத்தால் வகுங்கள். நூற்றில் ஒன்று என்றால் 300 ஓட்டம், ஐம்பதில் ஒன்று என்றால் 150. அத்தனை ஓட்டமும் விழாமல் தேறினால்தான், விழும் விகிதம் பழைய அளவைவிடக் குறைந்துவிட்டது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடியும். என் மடிக்கணினியில் ஒரு ஓட்டம் ஒன்றரை நிமிடம், 300 ஓட்டத்துக்கு ஏழரை மணி நேரம். படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் விடியும்போது முடிந்திருக்கும்.

வேண்டுமென்றே விழ வையுங்கள்

நூற்றில் ஒன்று விழுவதை வைத்துக்கொண்டு துப்பறிவது கஷ்டம். இரண்டில் ஒன்றாக ஆக்கப் பாருங்கள். மெதுவான கணினி இங்கேதான் பொக்கிஷம். இல்லையென்றால் செயற்கையாக மெதுவாக்குங்கள்: எல்லாவற்றையும் ஒரே ஒரு சிபியு கோரில் ஓட விடுங்கள், பக்கத்தில் சுமை கூட்டும் நிரலைப் போடுங்கள். எந்த இரண்டு வரிகளுக்கு நடுவே கோளாறு என்று சந்தேகமோ, அங்கே சி நிரலில் ஒரு சின்னத் தூக்கத்தை (நிரலைச் சற்று நிறுத்திவைக்கும் வரி) செருகுங்கள். சந்தேகம் சரியென்றால் டெஸ்ட் ஒவ்வொரு தடவையும் விழும். அந்த நொடியில் பாதி வேலை முடிந்தது. லினக்ஸில் ஆர்ஆர் என்ற பதிவுக் கருவியின் கேயாஸ் முறையும் இதற்குத்தான் இருக்கிறது. இழைகளின் வரிசையைக் கலைத்துக் கலைத்து ஓட்டும், விழுந்த ஓட்டத்தை அப்படியே பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம்.

2024 செப்டம்பரில் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து இன்ஜெக்ஷன் பாயின்ட் என்ற வசதி போஸ்ட்கிரெஸிலேயே உண்டு. நிரலின் குறிப்பிட்ட இடத்தில் "இங்கே நில்" என்று சொல்லி, நமக்கு வேண்டிய நேரத்தில் "இனிப் போ" என்று விடலாம். கட்டும்போதே அதற்கான விருப்பத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

தனியாக ஓட்டினால் தேறுகிறது, கூட்டத்தில் ஓட்டினால் விழுகிறது என்றால், அதுவும் ஒரு துப்பு. பக்கத்து டெஸ்ட்டுகளைப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போங்கள், குற்றவாளி மாட்டுவான். தனியாக ஓட்டும்போது டெஸ்ட்-செட்அப் என்ற முதல் கோப்பையும் சேர்த்து ஓட்ட மறக்காதீர்கள். பொது டேபிள்களை உருவாக்குவது அதுதான்.

காரணங்கள்: வரிசை

அப்பாச்சி அறக்கட்டளையின் திறமூலத் திட்டங்களில் இப்படிப்பட்ட 201 திருத்தங்களை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், காரணம் தெரிந்தவற்றில் 45 சதவீதம் சரியாகக் காத்திருக்காத வகை, 20 சதவீதம் ஒரே நேரத்தில் ஓடுவதால் வரும் மோதல், 12 சதவீதம் டெஸ்ட்டுகளின் ஓட்ட வரிசையை நம்பியிருந்த வகை. தரவுத்தளத்தில் இவற்றோடு இன்னொரு வரிசைச் சிக்கலும் சேரும்: வெளியீட்டு வரிகளின் வரிசை.

வரிசையின் அருமையை மொரீசியஸ் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே இறங்கியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். எஸ்க்யூஎல்லில் அப்படி எதிர்த்துக் கேட்கவும் வழியில்லை. ஆர்டர் பை என்று கேட்கவில்லையென்றால் எந்த வரிசையில் கொடுத்தாலும் அது சரியான விடைதான்.

நேற்று வரை ஒழுங்காக வந்த வரிசை ஏன் திடீரென்று மாறுகிறது? ஒரு வரியை அப்டேட் செய்தால் அதன் புதிய பிரதி டேபிளில் வேறு இடத்தில் போய் உட்காரும். ஹாஷ் (மதிப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு எண்) வழியாகத் தொகுத்தால் வரிசை ஹாஷைப் பொறுத்தது. டேபிள் பெரியதாக இருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் முழுதாக வாசித்தால், பின்னால் வந்தவர் தொடக்கத்திலிருந்து போகாமல், முன்னவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே ஏறிக்கொள்வார், ஓடும் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. இது போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே செய்யும் சிக்கனம்.

திருத்தம் ஆர்டர் பை சேர்ப்பதுதான். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். வரிசைப்படுத்தும் நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டு தடவை இருந்தால் அந்த இரண்டுக்குள் வரிசை மறுபடியும் யார் கையிலும் இல்லை. தனித்துவமான இன்னொரு நெடுவரிசையையும் சேர்க்க வேண்டும். அடுத்தது, எல்லாக் குவெரிகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் பை போட்டு ஒரு பெரிய பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்பாதீர்கள். போஸ்ட்கிரெஸ் குழுவினர் வேண்டாமென்று திருப்பி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால், வரிசை தராத திட்ட வகைகள் சோதிக்கப்படாமலே போய்விடும் என்று அவர்களுடைய கையேடே சொல்கிறது.

ஆட்டோவேக்கம்

எனக்குப் பிடித்த வில்லன் இவன். பின்னணியில் தானாக எழுந்து டேபிள்களைச் சுத்தம் செய்து, அவற்றின் புள்ளிவிவரத்தையும் திரட்டும் போஸ்ட்கிரெஸின் வேலையாள். ஒரு டெஸ்ட் 10,000 வரிகளை ஒரு டேபிளில் போடுகிறது. நிலை என்ற நெடுவரிசையில் இரண்டே மதிப்புகள்தான், ஆளுக்குப் பாதி. அதில் ஒன்றைத் தேடி எக்ஸ்பிளெய்ன் கேட்கிறது. புள்ளிவிவரம் எதுவும் இன்னும் திரட்டப்படவில்லை என்பதால், திட்டமிடுபவர் (எந்த வழியில் தேடுவது என்று முடிவுசெய்யும் பகுதி) "200 வெவ்வேறு மதிப்புகள் இருக்கும்" என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டு, சுமார் 50 வரிகள்தான் கிடைக்கும் என்று இன்டெக்ஸை (புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரியானது) தேர்ந்தெடுக்கிறார். எதிர்பார்ப்புக் கோப்பிலும் அப்படியே பதிவாகிவிட்டது.

ஆட்டோவேக்கம் இயல்பாக நிமிடத்துக்கு ஒரு முறை கண் விழிக்கும். வேகமான கணினியில் மேற்சொன்ன டெஸ்ட் அரை நொடியில் முடிந்துவிடுவதால் அநேகமாக மாட்டாது. மெதுவான கணினியில், வரிகளைப் போட்டதற்கும் எக்ஸ்பிளெய்ன் கேட்டதற்கும் நடுவே அது விழித்து, அந்த டேபிளை அலசிவிடும். இப்போது திட்டமிடுபவருக்கு உண்மை தெரியும்: 50 இல்லை, 5,000. இன்டெக்ஸ் வேண்டாம், டேபிளையே முழுதாக வாசிப்போம் என்கிறார். டெஸ்ட் சிவப்பு. திட்டமிடுபவர் மேல் தப்பே இல்லை பாருங்கள், இன்னும் சரியான விடையைத்தான் கொடுத்திருக்கிறார்.

சரிசெய்ய மூன்று வழி. வரிகளைப் போட்டவுடன் டெஸ்ட்டிலேயே அனலைஸ் (புள்ளிவிவரம் திரட்டும் கட்டளை) கொடுத்துவிட்டு, புதிய திட்டத்தை எதிர்பார்ப்பாக எழுதுவது. அந்த டேபிளுக்கு மட்டும் ஆட்டோவேக்கத்தை அணைப்பது. அல்லது தற்காலிக டேபிளாக மாற்றுவது. தற்காலிக டேபிளை ஆட்டோவேக்கத்தால் தொட முடியாது. மூன்றாவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆனால் பேரலல் திட்டத்தை (பல வேலையாட்கள் பங்கிட்டு வாசிக்கும் வழி) சோதிக்கும் டெஸ்ட் என்றால் அது உதவாது, தற்காலிக டேபிளை இணை வேலையாட்கள் வாசிக்க மாட்டார்கள்.

கடிகாரம்

சரி, தம்பியின் ராத்திரி டெஸ்ட். எங்கள் நீட்சியின் அந்த டெஸ்ட் பைத்தானில் எழுதியது. பைத்தான் பக்கம் இன்றைய தேதியை யூடிசியில் (உலகப் பொது நேரம்) எடுத்தது. சர்வர் பக்கம் வரியைச் சேர்க்கும்போது தன் உள்ளூர்த் தேதியைப் போட்டது. தரவுத்தளத்தை முதலில் உருவாக்கும்போதே போஸ்ட்கிரெஸ் கணினியின் நேர மண்டலத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளும், அவன் கணினியில் அது இந்தியன்-மொரீசியஸ். நம் தீவு யூடிசிக்கு நாலு மணி நேரம் முன்னால். ராத்திரி 12 அடித்ததும் இங்கே 15ஆம் தேதி, யூடிசியில் இன்னும் 14, இரவு எட்டு மணி. விடிகாலை 4 மணி வரை இரண்டும் ஒத்துப்போகாது. மற்ற இருபது மணி நேரமும் பச்சை. தானியங்கிச் சோதனை சர்வர் யூடிசியில் இருந்ததால் அங்கே ஒருநாளும் விழவில்லை. அதனால்தான் அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

நிரூபிக்க நள்ளிரவு வரை உட்கார வேண்டியதில்லை. சர்வரின் நேர மண்டலத்தை பசிபிக்-கிரிட்டிமாட்டி என்று மாற்றினால் போதும். அது யூடிசி +14. நம் ஊர் நேரம் மதியம் 2 மணிக்கு அங்கே மறுநாள் பிறந்துவிடும். அவன் மாற்றி ஓட்டினான், முதல் ஓட்டத்திலேயே சிவப்பு. அவனைப் பார்த்து சிரித்த நாங்கள் ஆளுக்கு ஒரு காத்தோ பிமாங்கை அவன் தட்டுக்குத் தள்ளினோம்.

திருத்தம்: இன்றைய தேதியை டெஸ்ட்டிலிருந்தே தூக்கினோம். ஃபங்ஷன் தேதியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது, டெஸ்ட் ஒரு நிலையான தேதியைக் கொடுக்கிறது. இரண்டு பக்கத்தையும் யூடிசிக்கு மாற்றி முடித்திருக்கலாமே என்று கேட்கலாம். மாற்றினாலும், தேதியை இரண்டு தடவை கேட்கும் டெஸ்ட், நடு நொடியில் நாள் மாறினால் விழத்தான் செய்யும். கையால் நாலு மணி நேரத்தைக் கூட்டுவதும் வேண்டாம். 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை இங்கே கோடைக்கால நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் காலத் தேதிக்கு நாலு இல்லை, ஐந்து.

காத்திருப்பு

மேலே சொன்ன 45 சதவீதம் இதுதான். முதன்மைச் சர்வரின் நகலாக ஓடும் பிரதி சர்வருக்குத் தரவு போய்ச் சேர ஒரு நொடி தூங்கிவிட்டு, வந்துவிட்டதா என்று பார்க்கும் டெஸ்ட். ஒரு நொடி போதாத கணினி ஒன்று எங்கேயாவது இருக்கும். ஐந்து நொடியாக்கினால் நல்ல கணினியெல்லாம் வீணாகத் தூங்கும், மோசமான கணினிக்கு அதுவும் போதாது. தூக்கத்துக்குப் பதில் நிபந்தனைக்குக் காத்திருங்கள். டேப் டெஸ்ட்டுகளில் இதற்கென்றே போல்-குவெரி-அன்டில் என்ற ஃபங்ஷன் உண்டு: பத்தில் ஒரு நொடிக்கு ஒரு முறை கேட்கும், உண்மையானதும் திரும்பிவிடும், இயல்பாக 180 நொடிக்கு மேல் போனால்தான் தோல்வி. பிரதி சர்வருக்கு வெயிட்-ஃபார்-கேட்ச்அப் இருக்கிறது.

டெஸ்ட் சரி, நிரல்தான் தப்பு

தூங்க வைத்துச் சரிசெய்ததில் நாங்கள் பட்ட அடி ஒன்று. 200 ஓட்டத்தில் மூன்று முறை ஒரே வரி இரண்டு தடவை பதிவாகிக்கொண்டிருந்தது. யாரோ (நான்தான்) நடுவில் அரை நொடித் தூக்கம் போட்டு, டெஸ்ட்டைப் பச்சையாக்கி மூடிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து நீட்சியைப் பயன்படுத்திய கடைக்காரர் ஒருவர் ஒரே பில் இரண்டு முறை ஏறியிருக்கிறது என்றார். எங்கள் நிரல், வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் சேர்த்தது. இரண்டு இணைப்புகள் ஒரே நேரத்தில் பார்த்தால் இரண்டுக்கும் "இல்லை" என்றுதான் விடை வரும். யுனீக் இன்டெக்ஸும் (ஒரே மதிப்பு இரண்டு தடவை ஏறவிடாதது) ஆன் கான்ஃப்ளிக்டும் (அப்படி மோதினால் என்ன செய்வது என்று சொல்வது) போட்டபின் தீர்ந்தது.

ஆகவே காரணம் ஒரு வாக்கியத்தில் சொல்ல வரும்வரை டெஸ்ட்டைத் தொடாதீர்கள். தூக்கம், மறுபடி ஓட்டுதல், "இதுவும் சரியே" என்று இரண்டாவது எதிர்பார்ப்புக் கோப்பு, இவை மூன்றும் காரணம் தெரியாதவன் கையில் ஆபத்தானவை.

பேட்ச் அனுப்புவது

போஸ்ட்கிரெஸில் கிட்ஹப் புல் ரெக்வெஸ்ட் (அந்தத் தளத்திலேயே திருத்தத்தைச் சேர்க்கக் கேட்பது) ஏற்பதில்லை. கிட்டில் பேட்ச் கோப்பாக எடுத்து ஹேக்கர்ஸ் மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். கடிதத்தில் நாலு விஷயம் போதும்: எத்தனைக்கு எத்தனை விழுந்தது, எதைச் செருகினால் ஒவ்வொரு முறையும் விழுகிறது, காரணம் என்ன, திருத்திய பிறகு எத்தனை ஓட்டம் தேறியது. இரண்டாவது இருந்தால் படிப்பவர் தன் கணினியிலேயே ஐந்து நிமிடத்தில் விழ வைத்துப் பார்த்துக்கொள்வார், உங்களை நம்ப வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. பழைய பதிப்புகளிலும் அதே டெஸ்ட் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிப்பும் ஐந்து வருடம் பராமரிக்கப்படுகிறது, திருத்தம் அவற்றுக்கும் போக வேண்டியிருக்கலாம்.

பேட்ச் சேர்ந்ததும் கடையை மூடிவிடாதீர்கள். பில்ட்ஃபார்ம் என்று 2004இலிருந்து ஓடும் ஒரு கணினிக் கூட்டம் இருக்கிறது, உலகம் முழுக்கத் தன்னார்வலர்களின் கணினிகள், எல்லாவற்றுக்கும் விலங்குப் பெயர்கள். அதில் ஸ்கின்க் என்பது வேல்கிரைண்ட் என்ற நினைவகப் பிழை தேடும் கருவிக்குள் ஓடுவதால் ஆமை வேகம். வேகமான விலங்குகள் பச்சை காட்டியதும் தூங்கப் போகலாம், ஆனால் ஸ்கின்க்கின் வரி வரும்வரை அந்தப் பக்கத்தை உலாவியில் திறந்தே வையுங்கள்.